மின்னஞ்சல் சுட்டியைச் சொடுக்கினால் எது திறக்க வேண்டும்? சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10 கணினிகளில் பல ஆண்டுகளாக இருந்துவந்த ‘மெயில்’ செயலியை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. அதன் பிறகு அதில் கடிதம் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. 2025 பிப்ரவரியில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்போடு புதிய அவுட்லுக் என்ற மின்னஞ்சல் நிரல் அந்தக் கணினிகளில் தானாகவே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. அதனால் புதுக் கணினி வாங்கியவர்களுக்கு விண்டோஸ் 11-உடன் புதிய அவுட்லுக்கும் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தது. நம் வீட்டில் கடிதம் எழுத எது திறக்க வேண்டும் என்ற முடிவை நம்மைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள்.

இது சின்ன விஷயம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் துறையின் அறிவிப்பு, காப்பீட்டுப் பத்திரம், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் கல்லூரிக் கடிதம் என எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. எந்த நிரல் வழியாக அவற்றைப் படிக்கிறோமோ, அதைப் பொறுத்து அந்தக் கடிதங்களின் நகல் எங்கெங்கே போய்த் தங்கும் என்பது மாறுகிறது. சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மா, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஆகிய மூன்று வீட்டுக் கணினிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எது மாறும், எது மாறாது

இணையப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி சுட்டியாக இருந்தால், அதற்குள் ‘மெயில்டூ’ என்ற முன்னொட்டு ஒளிந்திருக்கும். நீங்கள் அதைச் சொடுக்கியதும், மெயில்டூ என்பதற்கு எந்த நிரல் பொறுப்பு என்று உலாவி விண்டோஸிடம் கேட்கிறது. விண்டோஸின் பதிவில் எதன் பெயர் இருக்கிறதோ அது திறக்கிறது. இயல்புநிலை மின்னஞ்சல் நிரலின் முதல் வேலை இதுதான். அதை மாற்றினால் உங்கள் முகவரி மாறாது, பழைய கடிதங்கள் அழியாது, கைப்பேசியில் எதுவும் நகராது. ஜிமெயிலை விட்டு சோஹோ மெயிலுக்குப் போகலாமா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அது சேவையை மாற்றுவது. இங்கே நாம் பேசுவது, இருக்கிற முகவரியை எந்தக் கருவியால் கையாள்வது என்பதை மட்டும்.

இரண்டாவது வேலை ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒரு கோப்பின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘சென்ட் டு’ என்பதில் ‘மெயில் ரெசிபியன்ட்’ என்று கொடுத்தால், அந்தக் கோப்பு ஒரு புதுக் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்க வேண்டும். ஸ்கேனர் மென்பொருள்களில் இருக்கும் ‘மின்னஞ்சலில் அனுப்பு’ பொத்தானும், வேர்டு, எக்செல் ஆகியவற்றில் இணைப்பாக அனுப்பும் வசதியும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. இதற்கு மேப்பி என்ற பழைய இடைமுகம் தேவை. கணினியில் நிறுவப்பட்ட நிரல்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். உலாவியில் திறந்திருக்கும் ஜிமெயிலுக்கு அந்தக் கதவு கிடையாது. மெயில்டூ சுட்டிக்கு ஜிமெயிலை வைக்கலாம், ஆனால் ஸ்கேனர் பொத்தானுக்கு வைக்க முடியாது. உங்கள் வீட்டில் ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கம் இருந்தால் இந்த ஒரு வேறுபாடே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

கூடவே ஒன்று: இந்த அமைப்பு விண்டோஸ் பயனர் கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அப்பாவின் கணக்கில் மாற்றியது மகளின் கணக்கில் மாறியிருக்காது. ஒரே கணினியை வீடு முழுவதும் பயன்படுத்தினால், ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்துக்கொள்வதே முறை. மின்னஞ்சல் நிரல் எதுவானாலும், திறந்து கிடக்கும் கணினியில் உட்காருகிறவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

புதிய அவுட்லுக்

பார்ப்பதற்கு இது அழகாகத்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் முகவரி வைத்திருப்பவர்களுக்கு, கணினியைத் திறந்த நிமிடத்தில் வேலை செய்யும். நாட்காட்டியும் அதிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்திப் பழகியவர்களுக்குக் கை தடுமாறாது.

நான் தயங்குவது வேறு ஓர் இடத்தில். ஜிமெயில், யாஹூ, ஐகிளவுட், அல்லது வேறு எந்த ஐமேப் (கடிதத்தைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) கணக்கை இதில் சேர்த்தாலும், உங்கள் கணக்கை மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைக்கப் போவதாக ஓர் அறிவிப்பு வரும். அதைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. அதன் பொருள், உங்கள் கடிதங்கள், நாட்காட்டி, தொடர்பு முகவரிகள் ஆகியவற்றின் நகல் மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களுக்கும் போகிறது என்பதே. பழைய பாணி நிரலில், உங்கள் கணினி நேராகக் கூகுளின் சர்வரோடு பேசும். இங்கே நடுவில் மூன்றாவது ஒருவர் நிற்கிறார். பட்டறைக்கென்று சொந்த டொமைனில் வாங்கிய முகவரி போன்ற ஐமேப் கணக்காக இருந்தால், அதன் கடவுச்சொல்லும் அவர்களிடம் போகிறது. ஜிமெயில் கணக்காக இருந்தால் கடவுச்சொல் போகாது, அதற்குப் பதிலாகக் கணக்கைத் திறக்கும் அனுமதிச் சாவி ஒன்று போகும். 2023 நவம்பரில் இது வெளியே தெரிந்தபோது, ஜெர்மனியின் மத்தியத் தரவுப் பாதுகாப்பு ஆணையராக இருந்த உல்ரிக் கெல்பர் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார்.

மைக்ரோசாஃப்ட் இதை மறைக்கவில்லை, எழுதியே வைத்திருக்கிறது. தேடல் வேகமாக இருக்கவும், எல்லாச் சாதனங்களிலும் ஒரே வசதி கிடைக்கவும் இது உதவும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஏற்கெனவே ஹாட்மெயில், அவுட்லுக் முகவரி வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக இழப்பு எதுவும் இல்லை. அவர்களுடைய கடிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஜிமெயில் மட்டுமே வைத்திருக்கும் ஒரு குடும்பம், ஒரு நிறுவனத்திடம் இருந்த கடிதங்களை இரண்டு நிறுவனங்களிடம் கொடுக்க என்ன தேவை என்று கேட்டால், எனக்கு விடை கிடைக்கவில்லை. மேலும், மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இல்லாதவர்களுக்குக் கடிதப் பட்டியலுக்குள்ளேயே விளம்பரம் வரும். கண் மங்கிய வயதானவர்கள் விளம்பர வரியைக் கடிதம் என்று நினைத்துச் சொடுக்கும் வாய்ப்பு உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை நான் சிறு குறையாகக் கருதமாட்டேன்.

இதன் உள்ளமைப்பு ஓர் இணையப் பக்கத்தைப் போன்றது. இணையம் இல்லாதபோது அண்மைக் கடிதங்களைப் படிக்கும் வசதியைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் இணைப்பு இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட நிரல் இது.

உலாவியில் ஜிமெயில்

ஃபேர்லேண்ட்ஸ் தம்பதிக்கு நான் இதைத்தான் வைத்துக் கொடுத்தேன், இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இருப்பது ஆளுக்கொரு ஜிமெயில் முகவரி. வீட்டில் பிராட்பேண்ட் நன்றாக வருகிறது. கடிதங்களைப் பெரும்பாலும் கைப்பேசியில் படித்துவிடுகிறார்கள். கணினி முன் உட்காருவது, எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவும், ஓய்வூதியம் தொடர்பான படிவங்களை அச்செடுக்கவும்தான். இவர்களுக்கு ஒரு நிரலை நிறுவி, அதைப் புதுப்பித்து, அதன் கோப்புறைகளைக் காப்பாற்றும் சுமை எதற்கு? உலாவியை மூடினால் கடிதமும் மூடிவிடும். கணினி கெட்டுப்போனாலும் ஒரு வரிகூடப் போகாது.

இதை இயல்புநிலை ஆக்க இரண்டு படி ஏற வேண்டும். முதலில் விண்டோஸில் மெயில்டூவுக்குக் குரோம் உலாவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு குரோமில் ஜிமெயிலைத் திறந்தால், முகவரிப் பட்டையின் வலப்பக்க ஓரத்தில் இரண்டு வைர வடிவங்கள் கோத்தது போன்ற குறி தெரியும். அதை அழுத்தி அனுமதி கொடுக்க வேண்டும். முதல் படியை மட்டும் செய்து நிறுத்தினால், சுட்டியைச் சொடுக்கும்போது உலாவி திறக்கும், கடிதம் திறக்காது. ஃபயர்ஃபாக்ஸில் இது இன்னும் எளிது: அமைப்புகளில் ‘ஜெனரல்’ பகுதியில் ‘அப்ளிகேஷன்ஸ்’ பட்டியலில் மெயில்டூவைத் தேடி, ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் பொத்தான் வேலை செய்யாது என்று முன்பே சொன்னேன். இலவச இடம் 15 ஜி.பி.தான், அதை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள் போட்டோஸை நிரப்பினால், ஒரு நாள் கடிதம் வருவது நின்றுபோகும். இணையம் இல்லாமல் படிக்கும் வசதி குரோமில் உண்டு, ஆனால் அதிகபட்சம் 90 நாள் கடிதங்கள்தான் கணினியில் தங்கும். இன்னொரு செய்தியையும் கவனத்தில் கொள்ள வேண்டும். வேறு சேவையில் இருக்கும் பழைய முகவரியின் கடிதங்களைப் பாப் முறையில் (சர்வரிலிருந்து கடிதங்களை அள்ளி எடுக்கும் முறை) இழுத்து ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் காட்டும் வசதியை 2026 ஜனவரியிலிருந்து நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. இரண்டு மூன்று முகவரிகளை இப்படி ஜிமெயிலுக்குள் சேர்த்து வைத்திருந்தவர்கள் வேறு வழி பார்த்தாக வேண்டும். அவர்களுக்கு அடுத்த பகுதி பயன்படும்.

தண்டர்பேர்ட்

மோசில்லா 2004 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்ட இலவச, திறமூல மின்னஞ்சல் நிரல் இது. இப்போது மோசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒன்று இதை நடத்துகிறது. பயனர்களின் நன்கொடைதான் முதன்மை வருவாய், கடிதப் பட்டியலில் விளம்பரம் கிடையாது. 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பில் முகப்பு முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. பழைய தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கியவர்கள் மறுபடியும் ஒரு முறை பார்க்கலாம். விண்டோஸ் 7, 8 ஓடும் பழைய கணினிகளில் அந்த 115-ஆம் பதிப்போடு சரி. அதற்கு மேல் வேண்டுமானால் விண்டோஸ் 10-ஆவது தேவை.

இது உங்கள் கணினியிலிருந்து நேராக உங்கள் மின்னஞ்சல் சர்வரோடு பேசுகிறது. நடுவில் யாரும் இல்லை. கடவுச்சொல்லோ அனுமதிச் சாவியோ உங்கள் கணினியில்தான் இருக்கும்; வேண்டுமானால் அவற்றுக்கு மேல் ஒரு முதன்மைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். ஐமேப் கணக்குகளின் கடிதங்களை முழுவதுமாகக் கணினியில் நகலெடுத்து வைப்பதே இதன் தொடக்க அமைப்பு. வெளியிலிருந்து ஏற்றப்படும் படங்களை நீங்கள் அனுமதிக்கும் வரை தடுத்து வைக்கும். அதனால் கடிதத்தை நீங்கள் திறந்தீர்களா என்று விளம்பரக்காரர்கள் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

ஐமேப், பாப் என்ற இரண்டு முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இங்கே கேள்வி வரும். பாப் என்பது தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது. ஐமேப் என்பது கடிதத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்வது. கைப்பேசியிலும் அதே முகவரியைப் பார்ப்பவர்கள் ஐமேப்பைத்தான் எடுக்க வேண்டும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2025 ஜனவரி முதல் ஐமேப் எப்போதும் திறந்தே இருக்கிறது, தனியாக இயக்கத் தேவையில்லை. தண்டர்பேர்டில் முகவரியைக் கொடுத்ததும் கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும், அங்கே அனுமதி கொடுத்தால் கணக்கு தயார்.

பெரியம்மா வீட்டுக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஒண்டிக்கடையைத் தாண்டிப் போகும் சாலையில் கைப்பேசிச் சிக்னல் எப்படி வந்து வந்து மறையும் என்பது ஏற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். தோட்டங்களுக்குள் இன்னும் மோசம். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டித் தீர்த்து, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாட்களில் வங்கி அனுப்பிய பழைய கடிதமோ, காப்பீட்டு எண்ணோ, காபி வாங்குபவர் எழுதி ஒப்புக்கொண்ட விலையோ தேவைப்பட்டால், அது கணினிக்குள் இருக்க வேண்டும். மேகக் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்ற ஆறுதல் அப்போது உதவாது.

தண்டர்பேர்டில் இணையம் இல்லாதபோதும் எல்லாக் கடிதங்களையும் இணைத்த கோப்புகளோடு திறக்கலாம், தேடலாம், பதில் எழுதி வைக்கலாம். எழுதியதைப் ‘பிறகு அனுப்பு’ என்று கொடுத்தால் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். இணைப்பு வந்ததும் அனுப்பிவிடலாம். தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் மாலையில் செக்ரோல் எனும் கூலிக் கணக்கைத் தட்டச்சு செய்து, அனுப்ப வேண்டிய கடிதங்களை எழுதி வைத்துவிட்டுப் போவார். இணையம் எப்போது வருகிறதோ அப்போது பெரியம்மா அனுப்பிக்கொள்கிறார். நவம்பரில் தொடங்கும் காபிப் பழப் பறிப்புக் காலத்தில், கடிதம் போகுமா போகாதா என்று கணினி முன் காத்திருக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

மலை வீடுகளுக்கு ஒரு யோசனை. முதல் முறை கணக்கைச் சேர்க்கும்போது பல ஆண்டுக் கடிதங்கள் மொத்தமாக இறங்கும். மடிக்கணினியாக இருந்தால், சேலத்துக்கு வரும்போது எடுத்து வந்து, நல்ல இணைப்புள்ள உறவினர் வீட்டில் இரவு முழுவதும் ஓடவிட்டு முடித்துவிடுங்கள். பிறகு மலையில் அன்றாடம் வரும் சில கடிதங்கள் மட்டும்தான் இறங்க வேண்டியிருக்கும். மேசைக் கணினியைத் தூக்கி வர முடியாதவர்கள், ‘சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பகுதியில் கடைசி ஓராண்டுக் கடிதங்கள் மட்டும் போதும் என்று வரையறுக்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கடிதங்களை இறக்காதே என்றும் அங்கேயே சொல்லலாம்.

சித்தப்பாவின் பட்டறைக்கும் தண்டர்பேர்ட்தான், ஆனால் காரணம் வேறு. அவருக்கு இணையம் ஒரு பிரச்சினையே இல்லை. பட்டறையின் பெயரில் ஒரு முகவரி, சொந்த ஜிமெயில் ஒன்று, கணக்கு பார்க்கும் மகனுக்கு ஒன்று என்று மூன்று பெட்டிகள். வெளிமாநில வியாபாரிகளுக்குக் கொலுசு டிசைன் படங்களை அனுப்ப வேண்டும். கையெழுத்திட்ட பில்களை ஸ்கேன் செய்து அப்படியே அனுப்ப வேண்டும். மூன்று பெட்டிகளையும் ஒரே பட்டியலில் பார்க்கும் வசதியும், ஸ்கேனரிலிருந்து நேராகக் கடிதம் திறப்பதும் அங்கே நாள் முழுவதும் பயன்படுகின்றன. எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறோம் என்பதைக் கடிதத்தின் மேற்பகுதியில் பார்த்துத் தேர்ந்தெடுக்க மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வியாபாரக் கடிதம் சொந்த முகவரியிலிருந்து போய்விடும். பட்டறை முகவரியையே முதல் கணக்காக வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

படங்கள் அனுப்புவோருக்கு ஒரு தகவல். ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு 25 எம்.பி. வரைதான் இணைக்கலாம். நிரலை மாற்றினால் இந்த வரம்பு மாறாது, சர்வர் வைத்த வரம்பு அது. அதோடு, இணைப்புகள் கடிதத்துக்குள் எழுத்துகளாக மாற்றப்படும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அதனால் தண்டர்பேர்டிலிருந்து அனுப்பும்போது 18 எம்.பி. வரை வைத்துக்கொள்வது நல்லது. உலாவி ஜிமெயிலில் வரம்பைத் தாண்டினால் அது தானாகவே டிரைவ் சுட்டியாக மாற்றி அனுப்பிவிடும். பெரிய கோப்புகளை அனுப்புவோருக்கு அந்த இடத்தில் உலாவியே வசதி.

இனி தண்டர்பேர்டின் தொல்லைகள். ஜிமெயில் ஒரே கடிதத்தை இன்பாக்ஸிலும் ‘ஆல் மெயில்’ கோப்புறையிலும் காட்டுவதால், இரண்டும் இறங்கி வன்தட்டில் இடத்தை அடைக்கும். ஜிமெயிலின் இணைய அமைப்புகளில் ‘லேபிள்ஸ்’ பகுதிக்குப் போய், ஆல் மெயிலை ஐமேப்பில் காட்ட வேண்டாம் என்று குறியை எடுத்துவிடுங்கள். அடுத்து, அழித்த கடிதங்கள் கோப்புக்குள்ளேயே தங்கியிருக்கும். ‘காம்பேக்ட்’ செய்யும்போதுதான் இடம் விடுபடும். நிரல் கேட்கும்போது மறுக்காமல் அனுமதியுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: காப்பு நகல் எடுப்பது உங்கள் பொறுப்பு. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

பழைய அவுட்லுக்கும் பிறவும்

மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வரும் பழைய அவுட்லுக், வலுவான நிரல். நேராகச் சர்வரோடு பேசும், ஸ்கேனர் பொத்தானுக்கும் பதில் சொல்லும். 2029 வரையாவது ஆதரவு தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. வேலைக்காக ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டுபவர்களும், பல ஆண்டுக் கடிதங்களை அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்புகளில் வைத்திருப்பவர்களும் அவசரப்பட்டு மாறத் தேவையில்லை. மின்னஞ்சலுக்காக மட்டும் புதிதாகச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கணினி பொருத்திக் கொடுப்பவர்கள் ‘ஆபீஸையும் போட்டுத் தருகிறோம்’ என்று பணம் வாங்காமல் ஏற்றித் தரும் பூட்டுடைத்த பிரதிகளில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்கவே திறக்காதீர்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் முதல் வருமான வரிக் கணக்கை மீட்கும் சுட்டி வரை வந்து சேரும் பெட்டி அது. யார் கைபட்டதென்று தெரியாத ஒரு நிரலுக்கு அதன் சாவியைக் கொடுப்பதைவிட, கைப்பேசியில் மட்டும் கடிதம் படிப்பது எவ்வளவோ பாதுகாப்பு.

ஈ.எம். கிளையன்ட் என்ற நிரல் பார்க்க அழகானது; சொந்தப் பயன்பாட்டுக்கு இரண்டு கணக்குகள் வரை இலவசம். பட்டறைக்கு, வியாபாரத்துக்கு என்றால் பணம் கட்ட வேண்டும். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே இருக்கும் ஆப்பிள் மெயில் போதும். அதுவும் கடிதங்களைக் கணினியில் வைத்துக்கொள்ளும். பழைய கணினியில் உபுண்டு போட்டுக்கொண்டவர்களுக்குத் தண்டர்பேர்டே இயல்பான தேர்வு.

மாற்றுவது எப்படி

விண்டோஸ் 11-இல் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ என்ற வரிசையில் போங்கள். மேலே ஒரு தேடல் கட்டம் இருக்கும். அதில் ஆங்கிலத்தில் மெயில்டூ (mailto) என்று தட்டினால், இப்போது எந்த நிரல் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும். அதைச் சொடுக்கி, வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். அதே கட்டத்தில் புள்ளி வைத்து இ.எம்.எல். என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, அதையும் மாற்றிவிடுங்கள். தனிக் கோப்பாகச் சேமித்த கடிதங்களின் வகை அது. விண்டோஸ் 10-இல் அதே இடத்தில் ‘இமெயில்’ என்று ஒரு வரி நேராகவே இருக்கும்.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய ‘மெயில்’ செயலியில் ஐமேப் கணக்குகள் மட்டும் இருந்தால், கடிதங்கள் எல்லாம் சர்வரில் இருக்கும்; புதிய நிரலில் கணக்கைச் சேர்த்ததும் வந்துவிடும். ஆனால் பாப் முறையில் சேர்த்த கணக்கு ஏதாவது இருந்ததா என்று பாருங்கள். அதன் கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கலாம். அவற்றை வெளியே எடுக்காமல் செயலியையும் நீக்காதீர்கள், கணினியையும் பழைய விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

காப்பு நகலுக்கு வருகிறேன். தண்டர்பேர்டில் உதவிப் பட்டியலில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் திறந்தால், ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரியில் ‘ஓப்பன் ஃபோல்டர்’ பொத்தான் இருக்கும். அந்தக் கோப்புறைக்குள்தான் கடிதம், கணக்கு, முகவரிப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. நிரலை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே வெளி வன்தட்டில் நகலெடுத்தால் போதும். புதுக் கணினிக்கும் அதையே கொண்டுபோகலாம். ‘எக்ஸ்போர்ட்’ என்ற வசதியும் உண்டு, ஆனால் 2 ஜி.பி.க்கு மேல் போனால் கையால் நகலெடுப்பதே வழி.

15 ஜி.பி. நிரம்பித் தவிப்பவர்களுக்கு, பழைய ஆண்டுகளின் கடிதங்களைத் தண்டர்பேர்டின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு நகர்த்துவது நல்ல வழி. கூகுளுக்குச் சந்தா கட்டத் தேவையில்லை. நகர்த்திய பிறகு உலாவியில் ஜிமெயிலைத் திறந்து ஆல் மெயிலில் அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், அங்கேயும் நீக்கினால்தான் இடம் கிடைக்கும். அப்படி நீக்குவதற்கு முன்பே வெளி வன்தட்டில் நகல் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு உலகில் அந்தக் கடிதங்கள் இருக்கும் ஒரே இடம் உங்கள் வீட்டுக் கணினிதான். மலையில் இடி விழுந்து கணினி போன கதை ஏற்காட்டில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும். நகலெடுத்ததும் அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி, வேறு அறையில் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மூன்று சோதனைகள். ஏதாவது ஓர் இணையப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கிப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தது திறக்கிறதா? தண்டர்பேர்ட் வைத்தவர்கள் ஒரு படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து மெயில் ரெசிபியன்டுக்கு அனுப்பிப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ கொடுத்தால்தான் அந்த வரி தெரியும். கடைசியாக, தண்டர்பேர்ட் வைத்தவர்கள் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு போன ஆண்டுக் கடிதம் ஒன்றை அதில் இணைத்த கோப்போடு திறந்து பாருங்கள். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு எதுவும் வந்தால், முதல் சோதனையை மட்டும் மறுபடியும் செய்யுங்கள்.